புதுக் கார் வாங்குறீங்களா? காப்புறுதியில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படிங்க

கார் நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வோம். காப்புறுதி என்று வந்தால், "அதெல்லாம் நாங்களே செஞ்சு தந்துடுவோம்" என்று விற்பனையாளர் சொன்னதும் தலையாட்டிவிடுவோம். முதல் ஆண்டுக் கட்டணம் பெரும்பாலும் காரின் மொத்த விலையோடு சேர்ந்தே வருவதால், அது தனிச் செலவாகக் கண்ணில் படுவதும் இல்லை.

ஆனால், ஏற்பாடு செய்வதுதான் விற்பனையாளர். ஒப்பந்தம் உங்களுக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் இடையில். நாளை விபத்தோ வெள்ளமோ வந்தால், அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கிடைக்கும்.

எத்தனை வகை இருக்கு?

1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, மலேசியாவில் காப்புறுதி இல்லாமல் வாகனம் ஓட்டுவது குற்றம். காப்புறுதி இருந்தால்தான் ஜேபிஜே சாலை வரியும் கிடைக்கும்.

• மூன்றாம் தரப்புக் காப்புறுதி: நீங்கள் மற்றவருக்கு ஏற்படுத்தும் காயம், மரணம், பொருள் சேதத்துக்கு மட்டும். உங்கள் காருக்கு ஒரு காசும் வராது.
• மூன்றாம் தரப்பு, தீ, திருட்டு: மேலே சொன்னதோடு, உங்கள் கார் எரிந்தாலோ திருடு போனாலோ இழப்பீடு உண்டு.
• முழுமையான காப்புறுதி: விபத்தில் உங்கள் காருக்கு ஏற்படும் சேதமும் சேரும்.

வங்கிக் கடனில் புதுக் கார் எடுப்பவர்களுக்குப் பொதுவாக மூன்றாவது வகைதான். கடன் முடியும்வரை காரில் வங்கிக்கும் உரிமை இருக்கிறது.

ஏன் ஒவ்வொரு இடத்திலும் ஒரு விலை?

2017 ஜூலை 1 முதல் முழுமையான காப்புறுதிக்கும், தீ, திருட்டுக் காப்புறுதிக்கும் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கின்றன. ஓட்டுநரின் வயது, விபத்துப் பதிவு, கார் மாடல் எனப் பலவற்றைப் பார்ப்பார்கள். அதனால் ஒரே காருக்கு இரண்டு நிறுவனங்கள் இரண்டு விலை சொல்வது சகஜம். விற்பனையாளர் தரும் விலையோடு இன்னும் இரண்டு இடத்திலாவது கேட்டு ஒப்பிடுங்கள். தக்காஃபுல் திட்டங்களில் முஸ்லிம் அல்லாதவர்களும் சேரலாம், அதையும் விசாரிக்கலாம்.

"எங்களிடம் காப்புறுதி எடுத்தால்தான் இந்தத் தள்ளுபடி" என்று சொன்னால், தள்ளுபடி எவ்வளவு, காப்புறுதி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கணக்கு அப்போதுதான் தெரியும்.

என்சிடி: உங்க பணம், விட்டுடாதீங்க

என்சிடி என்பது இழப்பீடு கோராமல் இருந்ததற்குக் கிடைக்கும் கழிவு. தனியார் கார்களுக்கு அது இப்படி ஏறும்:

• 1 ஆண்டு: 25 விழுக்காடு
• 2 ஆண்டு: 30 விழுக்காடு
• 3 ஆண்டு: 38.33 விழுக்காடு
• 4 ஆண்டு: 45 விழுக்காடு
• 5 ஆண்டும் அதற்கு மேலும்: 55 விழுக்காடு

உதாரணத்துக்கு, அடிப்படைக் கட்டணம் 2,400 ரிங்கிட் என்று வைப்போம். 55 விழுக்காடு கழிவு இருந்தால் 1,080 ரிங்கிட்தான். வித்தியாசம் 1,320 ரிங்கிட். இதற்கு மேல் 8 விழுக்காடு சேவை வரியும் 10 ரிங்கிட் முத்திரை வரியும் வரும்.

என்சிடி காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குத்தான் சொந்தம். பழைய காரை விற்றுவிட்டால் அதைப் புதுக் காருக்கு மாற்றலாம். ஆனால் நீங்களே கேட்க வேண்டும்; கேட்காவிட்டால் கணக்கில் சேராமலே போகலாம். ஒரே என்சிடியை ஒரே நேரத்தில் இரண்டு கார்களுக்குப் பயன்படுத்த முடியாது.

"அப்பா பேர்ல போட்டுடலாமா?"

பல வீடுகளில் கேட்கும் யோசனை இது. அப்பாவின் கழிவு அவருடைய சொந்தக் காரில் ஏற்கனவே இருந்தால், உங்கள் காருக்கு அது வராது. வந்தாலும், நீங்கள் ஐந்து ஆண்டு கவனமாக ஓட்டிச் சேர்க்கும் கழிவு அப்பா பெயரில்தான் சேரும். பிறகு உங்கள் பெயரில் கார் வாங்கும்போது பூஜ்யத்திலிருந்து தொடங்குவீர்கள். வழக்கமாக ஓட்டுவது யார் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். தவறான தகவல் பின்னர் இழப்பீட்டைப் பாதிக்கலாம்.

யார் ஓட்டலாம்?

ஓட்டுநர் பட்டியலில் பெயர் இல்லாதவர், 21 வயதுக்குக் குறைந்தவர், எல் அல்லது பி உரிமம் வைத்திருப்பவர் ஓட்டி உங்கள் காருக்குச் சேதம் ஏற்பட்டால், பொதுவாக முதல் 400 ரிங்கிட்டை நீங்களே கட்ட வேண்டும். தம்பி, தங்கை, நண்பர் அடிக்கடி ஓட்டுவார்கள் என்றால் அவர்கள் பெயரை முதலிலேயே சேருங்கள்.

எவ்வளவுக்குக் காப்புறுதி?

கட்டணத்தைக் குறைக்கக் காரின் மதிப்பைக் குறைத்துப் போடாதீர்கள். சந்தை மதிப்பு 60,000 ரிங்கிட் காரை 45,000க்குக் காப்புறுதி செய்தால், 8,000 ரிங்கிட் பழுதுக்கு 6,000தான் கிடைக்கும். மீதி 2,000 உங்கள் பையிலிருந்து.

சந்தை மதிப்பா, ஒப்புக்கொண்ட மதிப்பா என்றும் கேளுங்கள். கார் திருடு போனால், முதல் வகையில் அன்றைய விலைதான் கிடைக்கும். இரண்டாவதில் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் பேசிய தொகை. கார்க் கடன் 9 ஆண்டுவரை நீளும். தொடக்க ஆண்டுகளில் கார் விலை இறங்கும் வேகத்துக்குக் கடன் குறையாது. இழப்பீடு முதலில் வங்கிக் கடனுக்குத்தான் போகும். அது போதாவிட்டால், கார் கையில் இல்லாமலே மீதிக் கடனைக் கட்ட வேண்டிவரும்.

"முழுமை"யில் எது இல்லை?

• வெள்ளம்: 2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் மூழ்கிய காட்சி நினைவிருக்கும். வெள்ளம், நிலச்சரிவு போன்றவற்றுக்குப் பொதுவாகக் கூடுதல் கட்டணம் கட்டித் தனியாகச் சேர்க்க வேண்டும்.
• கண்ணாடி: தனியாகச் சேர்த்தால், கண்ணாடி மாற்றினாலும் என்சிடி குறையாது.
• பயணிகள்: உங்கள் தவற்றால் காயமடைந்த பயணி வழக்குப் போட்டால், அந்தப் பொறுப்புக்கும் தனிச் சேர்க்கை தேவை.
• கிராப் ஓட்டுவது: சாதாரணத் தனியார் காப்புறுதி போதாது.
• தாய்லாந்து: சிங்கப்பூருக்கும் புருணைக்கும் செல்லும் காப்புறுதி ஹாட்யாய்க்குச் செல்லாது.

கையெழுத்துக்கு முன்

1. என்சிடி சேர்ந்திருக்கிறதா?
2. மதிப்பு எவ்வளவு, எந்த வகை?
3. யார் யார் பெயர் இருக்கிறது?
4. வெள்ளம், கண்ணாடி சேர்ந்திருக்கிறதா?
5. பெயர், அடையாள அட்டை எண், சேசிஸ் எண் சரியா?

காப்புறுதி ஆவணத்தின் பிரதியைக் கைப்பேசியில் வைத்திருங்கள். விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்து, காப்புறுதி நிறுவனத்துக்கும் உடனே சொல்லுங்கள். இரண்டாம் ஆண்டு புதுப்பிப்பதை விற்பனையாளர் நினைவூட்டுவார் என்று காத்திருக்க வேண்டாம்; முடியும் தேதியை இன்றே குறித்துக்கொள்ளுங்கள்.