நாணய அச்சின் வெடிப்பும் அது காட்டும் வரலாறும்

பழங்காசு ஒன்று கையிற் கிடைத்ததும் நாம் முதலிற் பார்ப்பது அதிலுள்ள உருவத்தையும் ஆண்டையுமே. உருவமும் ஒன்று, ஆண்டும் ஒன்று, அடித்த சாலையும் ஒன்று. ஆயினும் அடிப்பித்த அரசுகள் ஒன்றோடொன்று பகைமை பூண்டவை என்றால், இக்காசு எவருடையது என்று எங்ஙனம் துணிவது? இத்தகைய சிக்கலொன்று 1861ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள நியூ ஓர்லியன்ஸ் நகரில் எழுந்தது. அதனை அவிழ்க்க உதவியது அச்சிலே தோன்றிய ஒரு வெடிப்பாகும்.

அக்கசாலைத் தொழிலைச் சிறிது அறிந்தாலன்றி இது விளங்காது. நாணய அச்சு என்பது உருக்கினாலாய கட்டை. உருவமும் எழுத்தும் அதிற் குழிவாகவும் இடவலம் மாறியும் அமைந்திருக்கும். இத்தகைய இரு அச்சுக்களுக்கு நடுவே உலோக வில்லையை வைத்து அழுத்தினால், அச்சிற் குழிந்தவை காசில் மேடாகின்றன. ஓயாது அடிபடும் அச்சு நாளடைவில் வெடிக்கும். வெடிப்பினுள் உலோகம் புகுதலால் காசிலே மெல்லிய கோடொன்று புடைத்து நிற்கும். ஆகவே கோடு புடைத்திருப்பின் அது அச்சின் குறை. பள்ளமாயிருப்பின் பெரும்பாலும் காசு வெளிவந்த பின் எவரோ கீறியது. அபூர்வமான பிழைக்காசு என்று சந்தையில் விலை கூறப்படுபவை பல இந்த ஒரு சோதனையிலேயே தோற்றுவிடும்.

அடிக்கும்போது நேரும் பிழை வேறு. வில்லை இடம் விலகினால் உருவத்திற் பாதி வெளியே போய்விடும். முன்னடித்த காசு மேலச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த காசின் ஒரு புறத்தில் முறையான உருவமும் மறுபுறத்தில் அதே அளவிற் குழிந்த உருவமும் விழும். வேடிக்கைக்குரியவை இவை, ஆனால் அவ்வொரு காசோடு முடிந்துவிடும் விபத்துக்கள். (நம் நாட்டிற் கிடைக்கும் இராசராசன் செப்புக்காசுகளில் எழுத்துக்கள் ஓரத்தில் அறுபட்டிருத்தலைக் கண்டு, அரிய பொருளென எவரும் ஏமாற வேண்டா. கையால் அடித்த காசுக்கு அது இயல்பு.) அச்சின் குறையோ, தோன்றிய பின் அவ்வச்சினின்று பிறக்கும் ஒவ்வொரு காசிலும் காணப்படும். அன்றியும் வெடிப்பு வளர்வது. சிறு வெடிப்புள்ள காசு முந்தியது, நீண்ட வெடிப்புள்ளது பிந்தியது என வரிசைப்படுத்தலாம். வரலாறு ஆராய்வோனுக்குப் பயன்படுவது இதுவே.

இனி நியூ ஓர்லியன்சுக்கு வருவோம். அடிமை முறையைக் காக்க வேண்டித் தென்மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்த காலம் அது. லூசியானா 1861 சனவரி 26இல் பிரிந்தது. 31இல் அங்கிருந்த நாணயசாலையைக் கைப்பற்றியது. மார்ச்சுத் தொடக்கத்தில் அச்சாலை தென்னாட்டுக் கூட்டரசின் கைக்கு மாறியது. அரசுகள் மாறினவேயன்றி அச்சுக்கள் மாறவில்லை. பிலதெல்பியாவிலிருந்து வந்திருந்த அதே அச்சுக்களைக் கொண்டு மூன்று அரசுகளும் அரை டொலர் வெள்ளிக்காசுகளை அடித்தன. ஐக்கிய அரசு அடித்தவை 330,000. லூசியானா மாநிலம் அடித்தவை 1,240,000. கூட்டரசு அடித்தவை 962,633. எல்லாவற்றிலும் அமர்ந்திருக்கும் சுதந்திரதேவியே காட்சி தருகிறாள். எல்லாவற்றிலும் ஐக்கிய அமெரிக்கா என்றே பெயர் பொறித்திருக்கிறது. பிரிந்து சென்றவர்கள் தாம் துறந்த நாட்டின் பெயராலேயே காசடித்தமை நகைப்புக்குரியதன்றோ!

அவர்களும் தமக்கெனக் காசொன்று வேண்டினர். பீற்றர்சன் என்பார் மறுபக்கத்துக்குப் புதிய அச்சொன்று வெட்டினார். ஏழு விண்மீன்களையுடைய கேடயம், அதன்மேற் சுதந்திரத் தொப்பி, சுற்றிலும் பருத்தியும் கரும்பும், கூட்டரசின் பெயர் என்பன அதில் அமைந்தன. தலைப்பக்கத்துக்கோ சாலையிற் கிடந்த பழைய ஐக்கிய அரசின் அச்சொன்றையே எடுத்தனர். அடித்தவை நான்கே நான்கு. வெள்ளி போதாமையால் ஏப்ரில் முடிவிற் சாலையும் மூடப்பட்டது. நான்கு காசுகளும் நால்வர் கையிற் போய்ச் சேர, உலகம் அவற்றை மறந்தது. சாலையிற் பிரதம நாணய அடிப்பாளராயிருந்த டாக்டர் ரெய்லர் 1879இல் தம்மிடமிருந்த காசையும் மறுபக்க அச்சையும் வெளிப்படுத்திய பின்னரே செய்தி பரவியது.

அக்காசின் தலைப்பக்கத்தை நோக்குவார்க்கு, தேவியின் மூக்கிலிருந்து விளிம்புவரை ஓடும் மெல்லிய புடைப்புக்கோடு தெரியும். அதே கோடு, மறுபக்கத்தில் ஐக்கிய அரசின் கழுகு உருவத்தைத் தாங்கிய 1861ஆம் ஆண்டுச் சாதாரண அரை டொலர் சிலவற்றிலும் உண்டு. எனவே அவை இவ்வச்சினின்றே பிறந்தவை என்பது ஐயமற விளங்கும். கூட்டரசின் பெயர் இல்லாவிடினும் அவற்றை அடித்தவர் கூட்டரசினரே என்று ஆராய்வோர் கொள்ளுகின்றனர். இருபத்தைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட ஒரே முகக் காசுகளுள் ஒரு பகுதியை இனம்பிரித்துக் காட்ட வேறெந்த அடையாளமும் இத்துணைத் தெளிவாய் உதவியதில்லை.

பின்னர் அச்சை வாங்கிய நியூ யோர்க் வணிகர் ஸ்கொட் என்பார், 1861இல் அச்சாலையில் அடித்த அரை டொலர்கள் 500ஐத் தேடியெடுத்து, மறுபக்கத்தைச் சீவித்தள்ளி, கூட்டரசின் அச்சைப் பதித்து விற்றார். அவரே அதனை மறைக்கவில்லை. மறைப்பார் பின்னர் வராமற் போவரோ? ஸ்கொட்டின் காசில் தேவியின் உருவம் நசுங்கித் தட்டையாயிருக்கும். சீவியமையால் நிறையும் சிறிது குறையும். வெடிப்பை மட்டும் நம்பினால் இடரே. அந்த 500இல் வெடிப்புள்ள காசும் எதேச்சையாய்க் கலந்திருக்கக் கூடும். வெடிப்பு, நிறை, உருவத்தின் தெளிவு ஆகிய மூன்றையும் சேர்த்தே நோக்கல் வேண்டும்.

நியூ யோர்க்கிலிருந்து நியூ ஓர்லியன்சுக்குச் சென்ற 'றிப்பப்ளிக்' என்னும் நீராவிக் கப்பல் 1865 ஒக்தோபர் 25இற் புயலில் மூழ்கியது. 2003இல் அதனைக் கடலடியிற் கண்டுபிடித்தபோது, இவ்வாண்டின் நியூ ஓர்லியன்ஸ் அரை டொலர்கள் பெருந்தொகையாக மேலே வந்தன. அரை டொலர் அச்சுக்களை ஆராய்ந்து நூல் செய்த ராண்டி வைலி அவற்றைப் பூதக்கண்ணாடி கொண்டு ஒவ்வொன்றாய் நோக்கி, எந்தத் தலையச்சு எந்த மறுபக்க அச்சோடு சேர்ந்து எப்பொழுது உழைத்தது என்று வகுத்தார். வெடிப்புக் காசைத் தவிர வேறு பல அச்சுக்களையும் மூன்று அரசுகளுக்கும் பங்கிட்டுக் கூற இதனால் வழி பிறந்தது.