ஐந்தாம் பரிமாணத்தின் வரலாறு



நான் கணிதம் கற்பித்த நாட்களில் ஒரு மாணவன் எழுந்து, "நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றுக்கு மேல் பரிமாணமே இல்லையா, ஐயா?" என்று வினவினான். "பாடத்தைக் கவனி" என்று அவனை உட்கார வைத்துவிட்டேன். அவனுக்குத் தர வேண்டிய விடையை இன்று உங்களுக்குக் கூறுகிறேன்.

சீரான வேகத்தில் செல்லும் யாவர்க்கும் இயற்கையின் விதிகள் ஒன்றே. ஒளியின் வேகமும் ஒன்றே. 1905-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன் நிலைநாட்டிய இவ்வுண்மையை, டச்சு அறிஞர் ஒருவரின் பெயரால் லோரென்ட்ஸ் சமச்சீர்மை என்பர். 1908-இல் மிங்கோவ்ஸ்கி என்பார் காலத்தை நான்காம் பரிமாணமாகச் சேர்த்தார்.

1919-இல் ஜெர்மனியின் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக் கழகத்தில் கலுசா என்றொரு கணித ஆசிரியர் இருந்தார். அவருக்கு நிலையான சம்பளம் இல்லை. மாணவர் செலுத்தும் கட்டணமே வருவாய். ஐந்தாவது பரிமாணம் ஒன்றைக் கூட்டினால் ஈர்ப்பும் மின்காந்தமும் ஒரே கொள்கையில் அடங்கும் என்று எழுதி, அவர் ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீன் முதலில் வியந்தார், பின்னர் தயங்கினார், ஈராண்டு கழித்து, 1921-இல், தாமே அதனைப் பிரஷ்ய விஞ்ஞானக் கழகத்தில் சமர்ப்பித்தார்.

அப்பரிமாணம் நம் கண்ணுக்குப் புலப்படாதது ஏன்? 1926-இல் சுவீடன் நாட்டு ஆஸ்கார் க்ளைன் விடை கூறினார். தெருக்கோடியிலிருந்து நோக்குவோர்க்குத் தேர்வடம் ஒரு கோடுதான்; அதன்மேல் ஊரும் எறும்புக்கோ சுற்றளவும் உண்டு. அதுபோல ஐந்தாம் பரிமாணம் மிக நுண்ணியதாகச் சுருண்டு கிடக்கலாம் என்றார் அவர்.

2001-இல் சாகி, எர்லிக், க்ரோஜான் என்னும் மூவர் மற்றொரு வகைப் பரிமாணத்தை ஆராய்ந்தனர். ஒளி நம் உலகத் தளத்தை விட்டு விலகாது. ஈர்ப்போ கூடுதல் பரிமாணத்தில் குறுக்கு வழியே சென்று ஒளியை முந்தக்கூடும் என்று கணக்கிட்டனர். அங்ஙனமாயின் லோரென்ட்ஸ் சமச்சீர்மை ஈர்ப்பின்பால் முறிந்ததாகும்.

சோதனை 2017 ஆகஸ்டு 17-ஆம் நாள் வாய்த்தது. ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதின. அவற்றின் ஈர்ப்பலைகளை அமெரிக்காவிலும் இத்தாலியிலும் உள்ள கருவிகள் பதிந்தன. சுமார் 1.7 வினாடி கழித்து அதே மோதலின் காமா கதிர்கள் வந்தன. இரண்டின் வேகமும் ஒன்றே. வேற்றுமை இருப்பினும், ஒன்றுக்குப் பின் 15 சுழியிட்ட எண்ணில் சில பங்குக்கு மேல் இராது.

இதனால் கூடுதல் பரிமாணமே இல்லை என்று முடிவாகிவிடவில்லை. அவ்வழியே பெரிய குறுக்குப் பாதை இல்லை என்பதே தெளிந்தது. அம்மாணவனின் வினா இன்னும் திறந்தே கிடக்கிறது. வினவியது அவன் பிழையன்று. வாயடைத்தது என் பிழை. நீங்கள் அஞ்சாது கேளுங்கள்; கிடைத்த விடையைச் சோதிக்கவும் தயங்காதீர்கள்.