சிவப்பு அட்டையும் வேலை பெர்மிட்டும்

அயல்நாட்டில் வாழ்ந்து தொழில் செய்தல் என்பது இன்றைய பொருள். மலாயாத் தோட்டத் தமிழரைக் கருதும்போது, ‘அயல்நாடு’ என்னும் முதற்சொல்லிலேயே நாம் சற்று நிற்க வேண்டியுள்ளது. அவர்கள் வந்தபோது இது அயல்நாடு. இரண்டு தலைமுறைக்குப் பின்னும், சட்டத்தின் கண்ணில், அவர்களுள் பலர்க்கு இது அயல்நாடாகவே இருந்தது. 1969இல்தான் அவ்வுண்மை அவர்களுக்கு முழுமையாக உறைத்தது.

தொடக்கத்திலிருந்தே, வருவதற்கும் திரும்புவதற்கும் ஏற்றவாறே ஆள்சேர்ப்பு அமைந்திருந்தது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி உருவாயிற்று. தோட்ட முதலாளிகளிடம் பெற்ற தொகையிலிருந்து தொழிலாளரின் பயணச் செலவு ஈடுசெய்யப்பட்டது. ஒப்பந்தக் கூலிமுறைக்கு 1910இல் தடை வந்தபின், கங்காணி முறையே ஓங்கியது. ரப்பர் விலை ஏறினால் கங்காணி ஊருக்குப் போய் ஆள் கொண்டுவருவார். விலை வீழ்ந்தால் ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பிவிடுவர். 1930களின் தொடக்கத்தில் ஏற்பட்ட பெருமந்தத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டனர். 1938இல் உதவிபெற்ற தொழிலாளர் புறப்பாட்டை இந்திய அரசு தடைசெய்தது. அதன்பின் லயத்து வீடுகளில் நிலைத்தவர்கள், இங்கேயே பிள்ளை பெற்று, இங்கேயே முதியோரை அடக்கம் செய்தவர்கள்.

1957இல் நாடு விடுதலை பெற்றது. விடுதலை நாளன்றோ அதற்குப் பின்னோ இங்குப் பிறந்த குழந்தை இயல்பாகவே குடியுரிமை பெற்றது. அதற்கு முன் பிறந்தவர் விண்ணப்பித்துப் பெற வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டு வசித்தமைக்குச் சான்றும் எளிய மலாய்மொழி அறிவும் கேட்கப்பட்டன. இந்நாட்டில் பிறந்தவர் முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மொழித் தேர்வு தேவையில்லை என்ற சலுகையும் இருந்தது. வாயில் திறந்தே இருந்தது என்று சொல்லலாம். ஆயினும் பல்லாயிரவர் உள்ளே செல்லவில்லை. ஏன்?

அறியாமை என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பது நம் வழக்கம்; அது நியாயமன்று. பிறப்புப் பத்திரம் பலரிடம் இல்லை. பட்டணத்து அலுவலகத்துக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. படிவத்தை நிரப்பக் கிராணியின் தயவு வேண்டும். என்றேனும் ஊர் திரும்புவோம் என்ற நினைப்பும் சிலரிடம் எஞ்சியிருந்தது. இவை யாவற்றினும் வலிய காரணம் ஒன்றுண்டு: பால் வெட்டுவதற்குக் குடியுரிமை தேவைப்படவில்லை. விடியற்காலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டவர் எவரும் அட்டையின் நிறத்தைக் கேட்டதில்லை.

இதற்கிடையே வேறோர் இடியும் விழுந்திருந்தது. 1950களில் ஐரோப்பியர் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினர். வேலையோடு வீடும் பள்ளியும் கோயிலும் போயின. இதற்கு மாற்றாக 1960இல் வீ.தி.சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தால் கெடாவில் புக்கிட் சீடிம் முதலிய தோட்டங்கள் வாங்கப்பட்டன. தமிழர் வரலாற்றில் இதற்குரிய இடம் இன்னும் போதிய அளவு தரப்படவில்லை என்பது என் கருத்து.

1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. குடிமகன் அல்லாதவர் வேலை பெர்மிட் பெற்றே தொழில் செய்யலாம் என்றாயிற்று. 1969 மே கலவரத்துக்குப் பின் அது முனைப்புடன் செயற்படுத்தப்பட்டது. அதுவரை பெட்டிக்குள் கிடந்த சிவப்பு அடையாள அட்டை ஒரே நாளில் வயிற்றுப்பாட்டின் பிரச்சினையாயிற்று. ஏறத்தாழ 60,000 இந்தியர் நாட்டைவிட்டு வெளியேறினர் என்பது ஆய்வாளர் பலரும் எடுத்தாளும் கணக்கு.

அவர்களுடன் பிள்ளைகளும் சென்றனர். 1957க்குப் பின் பிறந்து, அப்போது பத்துப் பதினொரு வயதை எட்டியிருந்த சிறுவர் சட்டப்படி இந்நாட்டின் குடிமக்கள். பெர்மிட் கிடைக்காத தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, தாம் ஒருபோதும் கண்டிராத நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் அவர்கள் கப்பலேறினர்.