இனாமும் ஊதியமும்: அமெரிக்க விடுதிகளின் ஒரு பழைய வழக்கு

உணவருந்தி முடித்தவர் பில்லில் கண்ட தொகையைச் செலுத்திய பின்னர், தமக்குப் பரிமாறிய சிப்பந்திக்கென்று தனியே ஒரு தொகையை வைத்துவிட்டு எழுந்து செல்வது உலகத்தின் பல நாடுகளிலும் உள்ள வழக்கமேயாயினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அதற்கு ஏற்பட்டிருக்கும் கட்டாயம் அலாதியானது. அங்கே நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரையில் டிப்ஸ் வைப்பது மரியாதையின் குறைந்தபட்ச அளவாகக் கருதப்படுகிறது. வைக்காமற் போகிறவர் கருமி என்றோ பண்பறியாதவர் என்றோ எண்ணப்படுகிறார். இவ்வழக்கத்தைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் நெடுங்காலமாக மோதி வருகின்றன. நன்றாகப் பணி செய்தவருக்கு மனமுவந்து கொடுப்பது மனித இயல்பு, அதைத் தடுக்க எவருக்கும் அதிகாரமில்லை என்பது ஒன்று. உழைப்புக்குரிய ஊதியத்தை வேலைக்கு அமர்த்திய முதலாளியே கொடுக்க வேண்டும், உண்ண வந்தவருடைய தயவில் அதை விட்டுவைப்பது உழைப்பவருடைய கௌரவத்துக்கு இழுக்கு என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இந்த வழக்கம் எங்கே தோன்றி, எவருடைய தோளின்மேல் ஏறி, எந்தச் சட்டத்தின் துணையால் நிலைபெற்றது என்பதை அறிந்தாலன்றி, எந்தப் பக்கத்தில் நியாயம் மிகுதி என்று தீர்மானிக்க இயலாது.

இதன் தொடக்கத்தை ஐரோப்பியப் பிரபுக்களின் மாளிகைகளில் காணலாம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஒரு கனவானுடைய வீட்டுக்கு விருந்தினராகச் சென்றவர் விடைபெறும்போது, வாசலில் வரிசையாக நிற்கும் சேவகர் ஒவ்வொருவருக்கும் காசு கொடுத்துவிட்டுத்தான் வண்டியேற வேண்டும் என்னும் நிலை இருந்தது. விருந்தை ஏற்பதே செலவுக்குரிய காரியமாகிவிட்டது கண்டு வருந்தியவர்களுள் ஒருவரான ஜோனாஸ் ஹான்வே என்னும் அறப்பணியாளர், 1760-இல் இவ்வழக்கத்தைக் கண்டித்துக் கடித வடிவில் ஒரு நூல் எழுதி வெளியிட்டார். சேவகர்களுக்குப் போதிய சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, விருந்தினரிடம் கைநீட்டுவதை நிறுத்த வேண்டும் என்று பிரபுக்கள் சிலர் உடன்படிக்கை செய்துகொண்டபோது, சேவகர்கள் கொதித்தெழுந்தனர். 1764-இல் லண்டனில் ரானலா என்னும் பூங்காவில் அத்தகைய பிரபுக்களை எதிர்த்துக் கலகமே விளைந்தது. பெறுகிறவர்களே இவ்வழக்கத்தைக் காக்க முன்வந்தார்கள் என்னும் இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நலம். ஏனெனில் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே நிலையை நாம் காணப் போகிறோம்.

அரசனும் பிரபுவும் இல்லாத குடியரசை அமைத்துவிட்டோம் என்று பெருமைகொண்டிருந்த அமெரிக்கர்களுக்கு இவ்வழக்கம் முதலில் அந்நியமாகவே தோன்றிற்று. ஒரு பிரஜை மற்றொரு பிரஜையிடம் கைநீட்டிக் காசு பெறுவது சமத்துவத்துக்கு விரோதம் என்னும் உணர்ச்சி அவர்களிடம் வலுவாக இருந்தது. 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, செல்வர்கள் கூட்டங்கூட்டமாக ஐரோப்பாவுக்கு உல்லாசப் பிரயாணம் சென்று, அங்குள்ள நாகரிகங்களோடு இதையும் கொண்டுவந்தார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படும். அது மெய்யே. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் நாகரிகம் எதுவும், அதனால் லாபம் அடைகிறவர்கள் உள்நாட்டில் இருந்தாலன்றி வேரூன்றுவதில்லை. அந்த லாபம் யாருக்குக் கிடைத்தது என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

போர் முடிந்த அவ்வாண்டிலேயே அடிமைமுறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்ற லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் கையில் நிலமின்றி, கல்வியின்றி, ஜீவனத்துக்கு வழிதேடி நின்றார்கள். ஆலைகளும் தொழிற்சாலைகளும் அவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. திறந்தவை உணவு விடுதிகளும் ரயில் வண்டிகளும்தாம். 1867-இல் ஜார்ஜ் புல்மன் என்பவர் நிறுவிய கம்பெனி, நாடெங்கும் ஓடிய ரயில்களில் படுக்கை வசதியுள்ள ஆடம்பரப் பெட்டிகளை இணைத்து நடத்திற்று. அப்பெட்டிகளில் படுக்கை விரிக்கவும், மூட்டை தூக்கவும், இரவில் பிரயாணிகளின் காலணிகளைத் துடைத்து மெருகிடவும் அக்கம்பெனி கறுப்பினத்தாரையே தேடி அமர்த்திற்று. பிரயாணிகள் அவர்களுள் எவரையும் இயற்பெயரால் அழைக்கவில்லை. முதலாளியின் பெயரையே வைத்து எல்லோரையும் ‘ஜார்ஜ்’ என்றார்கள். அடிமையை எஜமானின் பெயரால் அழைத்த பழைய காலத்தின் மிச்சம் அது. மாதத்தில் நானூறு மணி நேரம் உழைக்க வேண்டும், அல்லது 11,000 மைல் பிரயாணம் செய்திருக்க வேண்டும். காலணி மெருகுக்கும் சொந்தக் காசையே செலவிட வேண்டும். சம்பளமோ 1915-ஆம் ஆண்டளவில் மாதம் 27 டாலர் 50 சென்ட். அதைக் கொண்டு ஒரு குடும்பம் வாழ முடியாதென்பது கம்பெனிக்குத் தெரியும். மிகுதியைப் பிரயாணிகள் கொடுத்துவிடுவார்கள் என்பதும் தெரியும்.

அந்த 1915-ஆம் ஆண்டில், தொழில் உறவுகளை ஆராய அமெரிக்க அரசாங்கம் நியமித்திருந்த விசாரணைக் குழுவின் முன்னால் புல்மன் கம்பெனியின் இயக்குநர் குழுத் தலைவர் சாட்சியம் சொல்ல வந்தார். அவர் பெயர் ராபர்ட் டாட் லிங்கன். அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஆபிரகாம் லிங்கனின் புதல்வர். நியாயமான கூலிக்கும் கம்பெனி கொடுக்கும் கூலிக்கும் இடையே உள்ள தொகை எவ்வளவோ, அவ்வளவுக்குப் பொதுமக்களின் இனாமினால் நேர் நன்மை அடைவது கம்பெனியே என்பது அத்தலைவராலேயே ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் குழு தன் அறிக்கையில் பதிவு செய்தது. தந்தை சட்டத்தால் விடுவித்த மக்களின் உழைப்புக்கு, மகன் தலைமை வகித்த கம்பெனி கூலியை முழுதாகக் கொடுக்கவில்லை. கொடுக்காத பகுதியை வழிப்போக்கர்களின் தயவுக்கு விட்டிருந்தது. பிரயாணி தன் கையால் ஊழியருக்குக் கொடுத்ததாக நினைத்த நாணயம், மெய்யாகவே முதலாளியின் கணக்கில் மிச்சமாயிற்று. டிப்ஸைப் பற்றி எத்தனை வாதங்கள் எழுந்தாலும், இந்த ஒப்புதலைவிடத் தெளிவான சான்று வேறு வேண்டுவதில்லை.

இவ்வழக்கத்தை எதிர்த்தவர்களும் வாளாவிருக்கவில்லை. வாஷிங்டன் மாநிலம் 1909-இல் டிப்ஸைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றிற்று. மிஸிஸிப்பி, ஆர்கன்ஸா, அயோவா, தென் கரோலினா, டென்னஸி ஆகிய மாநிலங்கள் அடுத்த சில ஆண்டுகளில் அதைப் பின்பற்றின. 1916-இல் வில்லியம் ஸ்காட் என்பவர் ‘அரிக்கும் உள்ளங்கை’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதி, ஜனநாயகமும் இனாமும் ஒருங்கே வாழ முடியாதவை என்று வாதித்தார். கொடுப்பவரை எஜமானாகவும் வாங்குபவரை அடிமையாகவும் ஆக்கும் பழக்கம் குடியரசின் அடிப்படையையே அரித்துவிடும் என்பது அவர் கட்சி. ஆனால் அச்சட்டங்கள் நிலைக்கவில்லை. வாஷிங்டன் நான்கே ஆண்டுகளில் தன் சட்டத்தை ரத்து செய்தது. அயோவாவின் சட்டத்தை 1919-இல் அம்மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் செல்லாதென்றது. 1926-க்குள் எல்லாம் மறைந்தன. கொடுக்கும் கையையும் வாங்கும் கையையும் தண்டிக்க முற்பட்ட அச்சட்டங்கள், கூலியைக் கொடாத கையைத் தீண்டவேயில்லை. அவை தோற்றதற்கு அதுவே காரணம் என்பது என் துணிபு. சம்பளத்தை உயர்த்தாமல் இனாமை மட்டும் நிறுத்தினால் சிப்பந்தியின் அடுப்பல்லவா அணையும்? பசியோடு கூட்டுச்சேர்ந்த வழக்கத்தைச் சட்டப் புத்தகம் மட்டும் வெல்வது அரிது.

வெற்றியின் வழி வேறிடத்தில் இருந்தது. 1925-இல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் என்னும் கறுப்பினத் தலைவர், புல்மன் பெட்டிகளின் ஊழியர்களைச் சங்கமாகத் திரட்டினார். இனாமை நம்பி இளித்து நிற்கும் வாழ்வு வேண்டாம், நிறைவான சம்பளம் வேண்டும் என்பது அச்சங்கத்தின் முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்று. மாநிலங்களுக்கிடையேயான வர்த்தகத்தை மேற்பார்க்கும் மத்திய ஆணையத்திடம் அவர்கள் முறையிட்டார்கள். தனக்கு அதில் அதிகாரமில்லையென்று ஆணையம் 1928-இல் கைவிரித்தது. வேலையிழந்தவர்களும் மனமொடிந்தவர்களும் பலராயினும் சங்கம் கலையவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் போராடிய பின், 1937 ஆகஸ்டில் கம்பெனி அவர்களோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. சம்பளம் உயர்ந்தது, மாத வேலை நேரம் நானூறிலிருந்து 240 மணியாகக் குறைந்தது. கறுப்பினத்தார் சங்கம் ஒன்று பெருங்கம்பெனி ஒன்றை இவ்வாறு இணங்கச் செய்தது அந்நாட்டின் சரித்திரத்தில் அதற்குமுன் நிகழாதது. டிப்ஸ் என்னும் பிணிக்கு மருந்து சம்பளமே என்பதை ரயில் ஊழியர்கள் காட்டிவிட்டார்கள்.

உணவு விடுதிச் சிப்பந்திகளுக்கு அந்த மருந்து கிட்டவில்லை. 1938-இல் நாடெங்கும் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 25 சென்ட் என்று நிர்ணயித்த சட்டம், பெரும்பாலான விடுதி ஊழியர்களைத் தன் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்திற்று. 1966-இல் திருத்தம் வந்தபோது அவர்கள் உள்ளே அழைக்கப்பட்டார்கள். ஆயினும், குறைந்தபட்சக் கூலியில் பாதி வரையில் டிப்ஸாகக் கிடைத்ததென்று முதலாளி கழித்துக்கொள்ளலாம் என்னும் விதியும் உடன் வந்தது. ராபர்ட் லிங்கன் சாட்சிக்கூண்டில் ஒப்புக்கொண்ட ஏற்பாடு இவ்வாறு நாட்டின் சட்டமாகவே ஆயிற்று. 1991 முதல் முதலாளி தம் கையிலிருந்து மணிக்கு 2 டாலர் 13 சென்ட் கொடுத்தாற் போதும் என்று மத்திய சட்டம் அனுமதிக்கிறது; பொதுவான குறைந்தபட்சக் கூலி 2009-இல் 7 டாலர் 25 சென்டாக உயர்ந்தபோதும் அத்தொகை அசையவில்லை. டிப்ஸ் சேர்ந்தும் குறைந்தபட்சக் கூலி எட்டாவிட்டால் குறையை முதலாளி நிரப்ப வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆனால் கணக்கை வைத்திருப்பவர் முதலாளி, அதைக் கேட்க வேண்டியவரோ நாளைய வேலைக்கு அவர் முகம் பார்த்து நிற்பவர். கலிஃபோர்னியா, ஆரிகன், மின்னஸோட்டா, வாஷிங்டன் முதலிய ஏழு மாநிலங்கள் மட்டும் இந்தக் கழிவை அனுமதியாமல், டிப்ஸுக்கு முன்பாகவே முழுக் கூலியைக் கொடுக்கச் செய்கின்றன. அம்மாநிலங்களில் விடுதிகள் மூடிவிடவில்லை, இனாமும் நின்றுவிடவில்லை.

டிப்ஸை ஆதரிப்போர் கூறுவதையும் பட்சபாதமின்றிக் கேட்க வேண்டும். செல்வர் வந்து செல்லும் பெரிய விடுதிகளில், திறமையுள்ள சிப்பந்தி எந்த முதலாளியும் கொடுக்கத் துணியாத வருமானத்தை இனாமினால் ஈட்டுகிறார். 2015-இல் நியூயார்க் நகரத்து விடுதிச் செல்வரான டானி மையர் தம் விடுதிகளில் டிப்ஸை நிறுத்தி, விலையை உயர்த்தி, சமையற்கட்டில் வெந்து உழைப்பவருக்கும் பங்கு கிடைக்கும்படி சம்பள முறையை அமைத்தார். நோக்கம் உயர்ந்ததாயினும், வருமானம் குறைந்த சிப்பந்திகள் பலர் விலகினர். 2020-இல் அவரே அதைக் கைவிட்டார். தலைநகரான வாஷிங்டனில், சிப்பந்திக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலி வேண்டுமென்று 2018-இல் வாக்காளர்கள் தீர்ப்பளித்தபோது, சிப்பந்திகளுள்ளேயே பலர் அதை எதிர்த்தார்கள்; நகர மன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. 2022-இல் வாக்காளர்கள் மறுபடியும் அதையே வற்புறுத்தினார்கள். ரானலா பூங்காவில் கலகம் செய்த சேவகர்களின் அச்சமும் இதுவே: கைக்கு வருவது போய்விடும், வாக்களித்த சம்பளமோ வந்து சேராது. அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது அநீதி.

ஆயினும், நல்ல பணிக்கு நல்ல இனாம் என்னும் வாதம் அனுபவத்துக்குப் பொருந்தவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இவ்விஷயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மைக்கேல் லின் என்னும் பேராசிரியர், பணியின் தரத்துக்கும் டிப்ஸின் அளவுக்கும் உள்ள சம்பந்தம் மிகச் சொற்பம் என்று கண்டார். கறுப்பினச் சிப்பந்திக்கு வெள்ளையரைவிடக் குறைவாகவே கிடைக்கிறது என்பதையும் அவர் பங்குகொண்ட ஆராய்ச்சி காட்டிற்று. பெரிய விடுதியில் அதிர்ஷ்டசாலிகளாகிய சிலர் ஈட்டுவதைக் காட்டி, நெடுஞ்சாலையோரத்துச் சிறு விடுதியில் விடியுமுன் எழுந்து காப்பி ஊற்றும் பெண்மணியின் கூலியைத் தயவுக்கு விடுவது தர்மமாகாது.

ஆதலின் என் முடிவு இது. இனாம் கொடுப்பது பிழையன்று. கூலியின் ஸ்தானத்தில் இனாமை வைப்பதே பிழை. முழு ஊதியம் பெற்றவருக்கு மனமகிழ்ந்து கொடுப்பது அன்பு. ஊதியம் பெறாதவருக்குக் கொடுப்பது, பிறருடைய கடனை நாம் அடைப்பது. சட்டம் முதலில் கூலியை நிறைவு செய்யட்டும். பிறகு கொடுப்பதும் கொடாமையும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தவையாகலாம். அதுவரையில், பிள்ளைகளைக் காணவோ தொழில் நிமித்தமாகவோ அமெரிக்காவுக்குச் செல்லும் நம்மவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இவ்வழக்கம் நியாயமற்றது என்று கருதி டிப்ஸ் வைக்காமல் எழுந்துவிடாதீர்கள். நீங்கள் கொடாமையால் முதலாளிக்கு ஒரு சென்டும் குறைவதில்லை. குறைவது, மணிக்கு இரண்டு டாலர் சொச்சத்துக்கு உங்கள் முன் தட்டை வைத்தவருக்கே. கொடுத்துவிட்டு வாருங்கள், கொடுத்த பிறகு, அவருக்கு முழுக் கூலி வேண்டும் என்பவர்களோடு சேர்ந்து பேசுங்கள்.