25 யு.பி.

பெரியவர்களுக்கான குச்சி ஐஸ் செய்வது பெரிய வித்தை எல்லாம் இல்லை. மாம்பழக் கூழ் 300 மி.லி., அரை மூடி எலுமிச்சைச் சாறு, இரண்டு ஸ்பூன் சர்க்கரை, 60 மி.லி. ரம். கலக்கி அச்சில் ஊற்றி, குச்சியைச் செருகி, ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் விட்டால் ஆறு ஐஸ் கிடைக்கும். நண்பர்கள் வரும் சனிக்கிழமைகளில் இதைத்தான் செய்கிறேன். வீட்டில் குழந்தைகள் இருந்தால் டப்பாவின் மேல் மறக்காமல் எழுதி ஒட்டிவிடுங்கள். பார்வைக்கு இது வெறும் மாம்பழ ஐஸ்தான்.

இன்னும் கொஞ்சம் ரம் ஊற்றினால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். உறையாது, அவ்வளவுதான். தண்ணீர் 0 டிகிரியில் உறையும், எத்தனால் மைனஸ் 114-ல். வீட்டு ஃப்ரீசரோ மைனஸ் 18-ஐத் தாண்டாது. என் கலவையில் ஆல்கஹால் 7 சதவீதம் மட்டுமே இருப்பதால் குச்சியில் நிற்கிறது. ஒரு குச்சிக்கு 10 மி.லி. ரம். இந்தக் கணக்கைப் போட எனக்கு ஒரே ஓர் எண்தான் தேவைப்பட்டது. அது பாட்டில் லேபிளில் இருக்கிறது: 42.8 சதவீதம். பக்கத்திலேயே பொடி எழுத்தில் 25 யு.பி.

யு.பி. என்றால் அண்டர் ப்ரூஃப். சாராயத்தில் நனைத்த வெடிமருந்து பற்றிக்கொண்டால் சரக்கு தரமானது என்று அந்தக் கால இங்கிலாந்தில் சோதித்ததாகச் சொல்வார்கள். பிறகு சைக்ஸ் என்பவரின் ஹைட்ரோமீட்டரை 1816-ல் சட்டமே ஏற்றுக்கொண்டது. சாராயத்தின் அடர்த்தியை அளந்து அதன் வீரியத்தைச் சொல்லும் கருவி அது. 57.1 சதவீதம் ஆல்கஹால் இருந்தால் முழு ப்ரூஃப். அதில் 25 சதவீதம் குறைத்துப் பாருங்கள், 42.8 வரும். குடிப்பவரின் நன்மைக்காக இதைக் கண்டுபிடிக்கவில்லை. எவ்வளவு ஆல்கஹாலோ அவ்வளவு வரி, அதற்குத்தான் அளந்தார்கள். அந்த அளவுகோலோடுதான் வெள்ளைக்காரர்கள் இங்கே கலால் நடத்தினார்கள். 1886-ல் மதராஸ் அப்காரி சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் காய்ச்சியது எல்லாம் கள்ளச்சாராயம்.

குச்சி ஐஸின் மறுபாதியும் கப்பலில்தான் வந்தது. பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து அனுப்பினார். அதை வைக்க 1842-ல் கட்டியதுதான் சென்னை கடற்கரையின் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அந்தக் குளிர்ச்சி முக்கியமாகத் துரைமார்களின் கோப்பைகளுக்குப் போனது. அதே துரைமார்களின் பாட்டில்களில்தான் அளவும் இருந்தது.

எனக்குச் சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். கீழே சமவெளியில் கரும்பு, மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள். மேலே கல்வராயன் மலை. மலையாளி பழங்குடி மக்கள் வாழும் அந்த மலை 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. நாடு குடியரசாகி கால் நூற்றாண்டு கழித்துத்தான் அரசு முழுசாக மேலே ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையைப் பற்றி வரும் செய்திகளோ பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: இத்தனை லிட்டர் சாராய ஊறல் அழிப்பு. வெல்லமும் வேலம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறவைத்துக் காய்ச்சுவது அது. மலையின் இன்னொரு பக்கம் சேலம் மாவட்டம். ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் தொடங்கியது அங்கேதான். அப்புறம் விலக்கு வந்தது, போனது. கடைசியில் 1983-ல் டாஸ்மாக் உருவானது. லேபிள் ஒட்டிய பாட்டில் கடைக்கு வந்தது, அதை வாங்கக் காசு இல்லாதவருக்குப் பாக்கெட்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அந்தப் பாக்கெட்டைக் குடித்தவர்கள் அறுபதுக்கும் மேல் இறந்தார்கள். ‘மலைச் சாராயம்’ என்று உடனே ஒரு பேச்சு கிளம்பியது. ஆனால் கொன்றது மெத்தனால். வெல்ல ஊறலில் அந்த அளவுக்கு மெத்தனால் உண்டாகாது. அது ஆலைகளுக்கான ரசாயனம், வெளியிலிருந்து கொண்டுவந்து கலந்தது.

இங்கேதான் என் இன்ஜினியர் மூளை நிற்கிறது. குடிப்பவர் இதை எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்? நாக்கும் மூக்கும் ஏமாறும். ஃப்ரீசரில் வைத்தால்? மெத்தனால் மைனஸ் 98-ல் தான் உறையும், நம் ஃப்ரீசருக்கு இரண்டும் ஒன்றுதான். கொளுத்திப் பார்த்தால் இரண்டும் எரியும். ஹைட்ரோமீட்டர்? எத்தனாலின் அடர்த்தி 0.789, மெத்தனாலுடையது 0.792. வரிக்காக இருநூறு வருஷம் அளந்த கருவிக்குக்கூட சாராயத்துக்கும் விஷத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஆய்வகத்தில்தான் தெரியும். நான் ஆய்வகத்துக்குப் போவதில்லை, லேபிளை நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஆலை, பரிசோதனை, அதிகாரி, தண்டனை என்று ஒரு நீண்ட வரிசை நிற்கிறது. பாக்கெட்டுக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. ‘ஏன்தான் குடித்தார்களோ’ என்று அந்த மாதம் என் வாட்ஸாப் குழுக்களில் கேட்டவர்கள் பலரும் குடிக்கிறவர்கள்தான். 42.8 அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

மெத்தனால் உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது கண் நரம்பைத் தாக்குகிறது. 10 மி.லி. மெத்தனால்கூடப் பார்வையைப் பறிக்கப் போதும், என் ஐஸ் குச்சி ஒன்றில் இருக்கும் ரம்மின் அளவு அது. இதற்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாற்று மருந்துகளில் ஒன்று எத்தனால். கல்லீரலின் நொதியை அது பிடித்து வைத்துக்கொண்டால் மெத்தனால் அமிலமாக மாறாமல் மெல்ல வெளியேறும். அந்த எத்தனாலை நோயாளியின் எடை பார்த்து, அளந்துதான் கொடுப்பார்கள். கருணாபுரத்துக்காரர்கள் பலருக்கும் ஆல்கஹாலை யாராவது அளந்து கொடுத்திருந்தால், அது அந்தப் படுக்கையில்தான் முதல் தடவையாக இருந்திருக்கும்.