மீத்தேன் கிருமியும் ஒரு தொலைபேசி அழைப்பும்

உயிரினங்கள் மூன்று பெரும் பிரிவு: பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா. பரீட்சைக்குப் படிக்கும்போது இந்த ஒரு வரி வரும். மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டு மறந்துவிடுவோம். நானும் அப்படித்தான். அந்த ஒரு வரிக்காக ஒரு மனிதர் ஏறக்குறைய பத்து வருடம் எக்ஸ்ரே பிலிம்களை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று பிறகு படித்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அவர் பெயர் கார்ல் வோஸ். 1964ல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். அப்போது பாக்டீரியா ஆராய்ச்சியில் ஒரு பெரிய சங்கடம். யானைக்கும் பசுவுக்கும் எலும்பைப் பார்த்து உறவு சொல்லலாம். பாக்டீரியாவில் எதைப் பார்ப்பது? உருண்டை, குச்சி, சுருள்... அவ்வளவுதான். ஸ்டேனியர், வான் நீல் போன்ற பெரிய நிபுணர்களே 1962 வாக்கில், பாக்டீரியாக்களுக்கு வம்சாவளி வரையும் ஆசையைக் கைவிட்டிருந்தார்கள். செல்லுக்குள் உட்கரு இருந்தால் ஒரு கட்சி, இல்லாவிட்டால் இன்னொரு கட்சி என்பதோடு சரி.

வோஸ் வேறு இடத்தில் தேடினார். ரைபோசோம் என்பது செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் பட்டறை. அது இல்லாத உயிரினமே கிடையாது. பாக்டீரியாவில் அதன் சின்னப் பாதியில் 16எஸ் என்ற ஆர்.என்.ஏ. இழை இருக்கிறது, ஈ.கோலையில் அது 1542 எழுத்து நீளம். பெரிய பாதியில் 23எஸ், 5எஸ் என்று இரண்டு இழைகள். இந்தப் பட்டறையில் கண்டபடி கை வைத்தால் செல் செத்துவிடும். அதனால் இந்த இழைகள் மிக மெதுவாகத்தான் மாறும். எத்தனையோ கோடி வருடத்து உறவைக்கூட அதில் படிக்கலாம் என்பது அவர் கணக்கு.

ஆனால் அன்று ஒரு முழு இழையைப் படிக்க வசதி இல்லை. கதிரியக்க பாஸ்பரஸ் கொடுத்துக் கிருமியை வளர்த்து, ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, குவானின் வரும் இடத்திலெல்லாம் வெட்டும் ஒரு நொதியைப் போட்டு, துண்டுகளை மின்புலத்தில் ஓடவிட்டு, எக்ஸ்ரே பிலிமில் கறுப்புப் புள்ளிகளாகப் பிடிக்க வேண்டும். ஒரு கட்டுரையை 'க' வரும் இடத்திலெல்லாம் கத்தரித்துவிட்டு, துண்டுகளை வைத்தே இது எந்த ஊர்க்காரர் எழுத்து என்று கேட்பது மாதிரி! வோஸ் அந்த பிலிம்களை விளக்குப் பலகையில் வைத்து ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு துண்டுப் பட்டியல் தயாரித்தார்.

1976ல் பக்கத்து ஆய்வகத்து ரால்ஃப் வுல்ஃப் வளர்த்த மீத்தேன் உண்டாக்கும் கிருமி ஒன்று பலகைக்கு வந்தது. எல்லா பாக்டீரியாவிலும் தவறாமல் வரும் துண்டுகளை அதில் காணோம். உட்கருவுள்ள செல்களின் பட்டியலோடும் ஒட்டவில்லை. வெளித்தோற்றத்தில் அசல் பாக்டீரியா. உள்ளே மூன்றாவது ஒரு வம்சம்!

வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் எழுதிய கட்டுரை 1977 நவம்பரில் வெளியானது. நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி போட்டது. வினை அங்கேதான் ஆரம்பம். நோபல் பரிசு பெற்ற சால்வடார் லூரியா, வுல்ஃபுக்கு போன் போட்டு, இந்த அபத்தத்திலிருந்து விலகிக்கொள், இல்லையென்றால் உன் பெயர் கெட்டுவிடும் என்று எச்சரித்தாராம். இதை வுல்ஃபே பின்னாளில் எழுதியிருக்கிறார். லூரியா கட்டுரையைப் படித்தாரா, பேப்பர் செய்தியை மட்டும் பார்த்தாரா என்பதுதான் என் சந்தேகம். ஜெர்மனியில் ஓட்டோ காண்ட்லர் மாதிரி சிலர் உடனே நம்பினார்கள். அவர் பார்த்த மீத்தேன் கிருமிகளின் செல்சுவரும் பாக்டீரியாவினுடையது போல இல்லை. 1990ல் வோஸ், காண்ட்லர், வீலிஸ் மூவரும் சேர்ந்து நாம் படிக்கும் அந்த மூன்று பெயர்களை வைத்தார்கள். 1998ல்கூட எர்ன்ஸ்ட் மேயர் இதை மறுத்து எழுதிக்கொண்டிருந்தார்.

எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொரு வேலை. இழை எப்படி மடிந்திருக்கிறது என்பதையும் வோஸும் ஹாரி நோலரும் ஒப்பிட்டே கண்டுபிடித்தார்கள். ஒரு கிருமியில் ஓரிடத்தில் அடினின், தூரத்தில் ஓரிடத்தில் யுராசில். இன்னொரு கிருமியில் முதலாவது குவானினாக மாறும்போதெல்லாம் இரண்டாவது சைட்டோசினாக மாறுகிறது என்றால்? இரண்டும் கைகோத்து நிற்கின்றன என்று அர்த்தம். ஒருவர் சட்டை மாற்றினால் ஜோடியும் மாற்றுகிறார் :-) இப்படியே 1980களில் முழு வரைபடமும் வந்துவிட்டது. நம்ம சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் குழு 2000ல் சின்னப் பாதியின் அணு அமைப்பை வெளியிட்டது. ஸ்டைட்ஸ் குழு பெரிய பாதியை வெளியிட்டது. ஒத்துப் பார்த்தால், காகிதத்தில் ஊகித்த ஜோடிகளில் சுமார் 97 சதவீதம் சரி!

ஸ்டைட்ஸ் குழு படிகமாக்கிய ரைபோசோம், சாக்கடலில் வாழும் ஒரு ஆர்க்கியாவினுடையது. அமினோ அமிலங்களைக் கோக்கும் இடத்தில் புரதமே இல்லை, ஆர்.என்.ஏ.தான் வேலையைச் செய்கிறது என்பதைக் காட்டியது அதுதான். 2009 வேதியியல் நோபல் ராமகிருஷ்ணன், ஸ்டைட்ஸ், அடா யோனாத் மூவருக்கும் கிடைத்தது. வோஸுக்கு 2003ல் கிராஃபோர்ட் பரிசு கிடைத்தது, நோபல் கிடைக்கவில்லை. 2012 டிசம்பர் 30 அன்று இறந்துபோனார்.

2015ல் ஆர்க்டிக் கடலடிச் சேற்றிலிருந்து லோக்கி என்ற ஆர்க்கியா வகையின் மரபணுக்களைப் படித்தார்கள். நம் செல்களில் மட்டுமே உண்டு என்று நினைத்த சில மரபணுக்கள் அதில் இருந்தன. நாம் தனிக் கிளையே இல்லை, ஆர்க்கியாவுக்குள்ளிருந்து முளைத்த கொம்புதான் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். அப்படியானால் மூன்று பிரிவு இரண்டாகிவிடும். பரீட்சையில் மட்டும் மூன்று என்றே எழுதுங்கள் :-)