புத்தொளிப் பயிற்சி: கல்லூரி ஆசிரியர் படிக்கப் போன கதை

விரிவுரையாளர் எட்டு ஆண்டு பணி முடித்திருக்க வேண்டும். ஏறக்குறைய நான்கு வாரம் நடக்கும் புத்தொளிப் பயிற்சி இரண்டுக்குப் போய் வந்திருக்க வேண்டும். அப்போதுதான் முதுநிலை ஊதியம். மத்திய அரசு 1987-இல் அறிவித்த விதி இது. 2200 ரூபாயில் தொடங்கும் ஊதிய விகிதத்திலிருந்து 3000-இல் தொடங்கும் விகிதத்துக்கு ஏற அதுதான் வழியாக இருந்தது. எம்.ஃபில்., பிஎச்.டி. வாங்கியவர்களுக்கு ஆண்டுக் கணக்கில் சலுகை இருந்தது. பயிற்சியில் சலுகை இல்லை. எங்கள் தலைமுறைக் கல்லூரி ஆசிரியர்களில் இந்த விதியைத் திட்டாதவர் குறைவு. தென் மாவட்டத்தில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அந்த விதிக்குக் கடமைப்பட்டவள். ஏன் என்று சொல்ல அதன் முன்கதையிலிருந்தே வர வேண்டும்.

வேலையில் சேர்ந்த பிறகு ஆசிரியர் எப்படிப் படித்தார், அவரை யார் மதித்தார்கள் என்று கேட்டால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது கும்பகோணம் கல்லூரிதான். அங்கே தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் 1880-இல் ஓய்வு பெற்றபோது தம் இடத்துக்கு உ.வே. சாமிநாதையரைச் சொன்னார். கல்லூரி ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து, பாட்டுச் சொல்லச் சொல்லியும் பொருள் கேட்டும் அவரைச் சோதித்தார்கள். மாதம் 50 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்தது. அதே ஆண்டில், ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார் அவரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அவர் அடுக்க, முதலியார் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். படித்ததில்லை. அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிய படிப்பு, சமண நூல்வழக்கு அறிந்தவர்களின் வீட்டுத் திண்ணை வரை அவரைக் கொண்டுபோய், 1887-இல் பதிப்பாக முடிந்தது. மகாமகோபாத்தியாயர் பட்டம் வர 1906 ஆயிற்று. கல்லூரியும் அரசும் ஏற்பாடு செய்யாத படிப்பு அது. கேள்வி கேட்க வெளியிலிருந்து ஒருவர் வந்தார், அவ்வளவுதான். இப்படி ஒரு முன்சீப் எல்லா ஊருக்கும் வரமாட்டார். அரசு ஏற்பாடு என்று ஒன்று வேண்டியிருப்பது அதனால்தான்.

அந்த ஏற்பாட்டை எழுத்தில் கேட்டது 1948–49-இல் இயங்கிய இராதாகிருஷ்ணன் குழு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆ. லட்சுமணசாமி முதலியாரும் அதில் உறுப்பினர். உயர்நிலைப்பள்ளி, இன்டர்மீடியட் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் புத்தொளிப் பயிற்சி நடத்த வேண்டும் என்றது குழு. 1964–66-இல் கோத்தாரி குழு இன்னும் ஒரு படி மேலே போய், புதிதாகச் சேரும் விரிவுரையாளர்களுக்குத் தொடக்கப் பயிற்சி வேண்டும், பெரிய பல்கலைக்கழகங்களில் அதற்கென்றே நிலையான கல்லூரி வேண்டும் என்று எழுதியது. அதற்குள் அமெரிக்க உதவியோடு கோடைக்காலப் பயிலரங்குகள் தொடங்கிவிட்டன. என் ஆசிரியர்களில் சிலர் அவற்றுக்குப் போனவர்கள். புது மாதிரி இயற்பியல் பாடநூல்களும் எளிய சோதனைக் கருவிகளும் அவர்கள் வழியாகத்தான் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தன.

ஆனால் அந்தக் காலத்துத் தனியார் கல்லூரி ஆசிரியருக்குப் படிப்பைவிடப் பெரிய கவலை வேலை. விடுமுறைச் சம்பளம் இல்லாமல் ஏப்ரலில் அனுப்பிவிட்டு ஜூனில் மறுபடி எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சங்கங்கள் தெருவில் இறங்கிப் போராடிய காலம் அது. 1976-இல் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, பணிப் பாதுகாப்பு என்று ஒன்று ஏற்பட்ட பிறகுதான் 'அடுத்து என்ன படிக்கலாம்' என்ற பேச்சு ஆசிரியர் அறையில் இயல்பாக எழுந்தது.

அதே எழுபதுகளில் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) கொண்டுவந்த எஃப்.ஐ.பி. என்ற ஆசிரியர் மேம்பாட்டுத் திட்டத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். கல்லூரி ஆசிரியர் எம்.ஃபில்லுக்கு ஓராண்டோ பிஎச்.டி.க்கு மூன்றாண்டோ பல்கலைக்கழகத்துக்குப் போக முடிந்தது. முழுச் சம்பளம் கிடைத்தது. அவர் இடத்தில் வகுப்பெடுக்க வரும் பதிலியின் சம்பளத்தை யு.ஜி.சி. ஏற்றது. இந்தப் பதிலி ஏற்பாடு சின்ன விஷயம் போலத் தெரியும். கல்லூரிக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும், அதுதான் திட்டத்தின் உயிர். ஒருவர் படிக்கப் போனால் அவருடைய பதினாறு மணி நேர வகுப்பு யார் தலையில் விழும் என்ற சண்டைக்கு அங்கே இடமே இருக்கவில்லை. 'அவர் எஃப்.ஐ.பி.யில் போயிருக்கிறார்' என்று சொல்லும்போது குரலில் மரியாதை இருக்கும்.

எஃப்.ஐ.பி. சிலருக்குத்தான் கிடைத்தது. எல்லோரையும் அனுப்ப வேண்டும் என்று 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு தீர்மானித்தார்கள். 1987-88-இல் நாடெங்கும் 48 பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்களுக்கென்றே பயிற்சிக் கல்லூரிகளுக்கு யு.ஜி.சி. ஒப்புதல் கொடுத்தது. பெயர் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ். எங்கள் வாயில் ஏ.எஸ்.சி. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை காமராசர், பாரதிதாசன், பாரதியார் பல்கலைக்கழகங்கள் இவற்றை நடத்தின. புதியவர்களுக்கு நான்கு வார ஓரியண்டேஷன், மற்றவர்களுக்கு அவரவர் பாடத்தில் மூன்று வார ரெஃப்ரெஷர், அதாவது புத்தொளிப் பயிற்சி, என்று பின்னால் நிலைபெற்றது. ஓரியண்டேஷனுக்கு 24 வேலை நாள், 144 மணி நேரம். ரெஃப்ரெஷருக்கு 18 நாள், 108 மணி நேரம். நாளுக்கு ஆறு மணி, வாரத்துக்கு ஆறு நாள்.

இனி அந்த விதிக்கு நான் ஏன் கடமைப்பட்டவள் என்பது. படிக்கப் போக வேண்டும் என்று ஓர் ஆசிரியை விரும்பினால் அந்தக் காலத்தில் இரண்டு இடத்தில் உத்தரவு வாங்க வேண்டும். கல்லூரியில் ஒன்று, வீட்டில் ஒன்று. கல்லூரியில் 'ரிலீவ் பண்ண முடியாதும்மா, செமஸ்டர் நடுவுல எப்படி' என்பார்கள். வீட்டில் பிள்ளைகளின் பரீட்சை, மாமியாரின் மருந்து, ஊர் என்ன சொல்லும் என்ற பேச்சு. 'எனக்குப் படிக்க ஆசை' என்ற வாக்கியத்துக்கு இரண்டு இடத்திலும் மதிப்பு கிடையாது. 'போகாவிட்டால் பதவி உயர்வு நின்றுபோகும், மாதா மாதம் இவ்வளவு நட்டம்' என்ற வாக்கியத்துக்கு மதிப்பு உண்டு. என் வீட்டில் அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். என் கணவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம் வரை வந்தார். கட்டாயம் என்று பலர் ஏசிய விதி எங்களைப் போன்றவர்களை வீட்டு வாசலைத் தாண்ட வைத்தது. பல்கலைக்கழக விடுதியில் என் பக்கத்து அறைகளில் இருந்த ஆசிரியைகளில் அநேகம் பேர், கல்யாணத்துக்குப் பிறகு தனியாக வெளியூரில் தங்குவது அதுதான் முதல் முறை என்றார்கள்.

மதுரையில் பல்கலை நகரில் நடந்த இயற்பியல் ரெஃப்ரெஷர் அது. எங்கள் எம்.எஸ்சி. காலத்தில் மின்னணுவியல் என்றால் வால்வும் கொஞ்சம் டிரான்சிஸ்டரும். அதற்குள் பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் 8085 நுண்செயலி வந்துவிட்டது. புத்தகத்தைப் பார்த்துப் பலகையில் படம் வரைந்து நடத்திக்கொண்டிருந்தோம்; எங்களில் பலர் அந்தச் சில்லைக் கையால் தொட்டதில்லை. பயிற்சியில் இருவருக்கு ஒரு கிட் கொடுத்தார்கள். பச்சைப் பலகை, ஓரத்தில் சிறு விசைகள், மேலே சிவப்பில் எரியும் எண்கள். என்னோடு உட்கார்ந்தவர் ஓய்வு பெற இன்னும் சில ஆண்டே இருந்த ஒரு சார், கிராமத்துக் கல்லூரி. 9-ஐயும் 7-ஐயும் கூட்ட நிரல் எழுதினோம். கூட்டு என்பதற்கு 80, நிறுத்து என்பதற்கு 76. ஒவ்வொரு எண்ணாக அழுத்திவிட்டு விடை இருக்கும் முகவரியைத் திறந்தால், 10 என்று எரிந்தது.

"மேடம், கணக்கு தப்பா வருதே?" என்றார். மறுபடி அழுத்தினோம். மறுபடியும் 10.

பயிற்சியாளர் வந்து பார்த்து, விளக்கம் ஒன்றும் சொல்லாமல், "8-ஐயும் 7-ஐயும் போட்டுப் பாருங்க சார்" என்றார். எண்ணுக்குப் பதில் ஓர் எழுத்து எரிந்தது. சார் சட்டென்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒன்பதுக்கு மேல் ஆறு எழுத்துகள், பதினைந்தோடு அவை தீர்ந்துவிட்டன, பதினாறுக்கு அடுத்த இடம். பதினாறடி எண்முறையை அவர் வகுப்பில் பலமுறை நடத்தியவர்தான். "இத்தனை வருஷமா இதை நான் மனப்பாடமாச் சொல்லிட்டு இருந்திருக்கேன் மேடம்" என்றவர் அன்று சாயங்காலம் தேநீருக்குக்கூட எழுந்து வரவில்லை. எண்களை இரண்டிரண்டாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சி முடிந்து ஊர் திரும்பியதும் தம் துறைக்கு இரண்டு கிட் வாங்க வைத்தார் என்று பிறகு கடிதம் எழுதினார்.

வகுப்பறையைவிட விடுதியில் கற்றது அதிகம் என்று ஏ.எஸ்.சி.க்குப் போன எவரும் சொல்வார்கள். ஓரியண்டேஷனில் எல்லாப் பாடக்காரர்களும் கலந்து இருப்பார்கள். வணிகவியல் நடத்துபவர் சூழலியல் பற்றிக் கட்டுரை வாசிப்பார், வரலாற்றுக்காரர் கேள்வி கேட்பார். சக ஆசிரியர்களை மாணவர்களாக உட்காரவைத்துப் பத்து நிமிடம் பாடம் நடத்தும் நுண்கற்பித்தல் பயிற்சியில், பல ஆண்டு அனுபவமுள்ளவர்களுக்கும் கை நடுங்கியதைப் பார்த்தேன். கல்லூரி ஆசிரியருக்குப் பி.எட். போன்ற பட்டம் தேவையில்லை. ஆகவே நம் வகுப்பை நம் தொழிலைச் சேர்ந்த இன்னொருவர் பார்த்துக் குறை சொல்வது வாழ்நாளில் அங்கே மட்டும்தான் நடக்கும். 'பலகையோடு பேசுறீங்க மேடம், எங்களைப் பாருங்க' என்று ஒரு தமிழாசிரியர் எனக்குச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

குறைகளும் இருந்தன. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் விடைத்தாள் திருத்தியவர்கள் உண்டு. சிலருடைய பாடத்தில் அந்த ஆண்டு பயிற்சியே நடக்காது. நடந்தாலும் இடம் கிடைக்காது. கிடைத்தாலும் கல்லூரி விடாது. அதனால் பதவி உயர்வு தள்ளிப்போய் ஓய்வூதியத்தில் நட்டப்பட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். பயிற்சி முடிக்க வேண்டிய கெடுவை யு.ஜி.சி. திரும்பத் திரும்ப நீட்டித்ததே நிலைமைக்குச் சாட்சி.

உண்மையான சேதம் 2010-இல் வந்தது என்பது என் தீர்மானம். அந்த ஆண்டு ஜூன் 30-இல் வந்த யு.ஜி.சி. ஒழுங்குமுறை ஆசிரியரின் வேலை முழுவதையும் ஏ.பி.ஐ. என்ற புள்ளிக் கணக்காக மாற்றியது. இரண்டு வாரத்துக்குக் குறையாத பயிற்சிக்கு 20 புள்ளி, ஒரு வாரத்துக்கு 10. ஆய்விதழில் ஒரு கட்டுரைக்கு 15. மாணவர் வீட்டுக்குப் போய்ப் படிப்பை நிறுத்தாதீர்கள் என்று பெற்றோரிடம் பேசியதற்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை. கட்டுரைக்குப் புள்ளி என்றதும், காசு வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் அச்சிடும் இதழ்கள் கிளம்பின. நல்ல ஆசிரியர்கள், இளநிலை மாணவருக்கு மணிக்கணக்கில் பாடம் நடத்தும் இடத்தில் இருந்தவர்கள், ஆய்வுக்கு வசதியும் நேரமும் இல்லாமல் அந்தக் கடைகளில் போய் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த இடத்துக்கு அவர்களைத் தள்ளியது விதி. 2018 மே மாதத்தில் யு.ஜி.சி. தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்தே 4305 இதழ்களை நீக்கியது. அதே ஆண்டு வந்த புதிய ஒழுங்குமுறை புள்ளிக் கணக்கைத் தளர்த்தியது.

ஏ.எஸ்.சி.க்கு 2015-இல் மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர் மாறியது. 2023-இல் மாளவியா பெயரில் ஆசிரியர் பயிற்சி மையங்களாயின. கொரோனா காலத்தில் எல்லாம் இணையத்துக்குப் போனது. வீட்டிலிருந்தே சேரலாம் என்பது பல பெண்களுக்கு வசதி என்கிறார்கள். என் கவலை வேறு. அடுப்பும் திரையும் ஒரே நேரத்தில் நடக்கும் வீட்டில், அந்த மூன்று வாரம் அவளுடையதாக இருக்காது. விடுதியில் இருந்தது.

பாராட்டு என்ற பக்கத்தில் நாம் இன்னும் தாமதம். பள்ளி ஆசிரியர்களுக்கு 1958 முதல் தேசிய விருது உண்டு. இராதாகிருஷ்ணன் பிறந்த நாளை 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் தொடங்கி மைசூர், கல்கத்தா என்று பல்கலைக்கழகங்களில் பாடம் சொன்னவர். அவர் தொழிலைச் செய்த கல்லூரி ஆசிரியருக்கு அந்த நாளில் தேசிய விருது கிடைக்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு 75 பேர் பெற்றார்கள். பள்ளியிலிருந்து 50, உயர்கல்வியிலிருந்து 13, தொழிற்பயிற்சியிலிருந்து 12. கற்பித்தலுக்காகவே ஒரு கல்லூரி ஆசிரியரைத் தேசிய மேடைக்கு அழைத்தார்களே என்று அன்று உண்மையாகவே மகிழ்ந்தேன்.

இப்போது எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் வகுப்பெடுப்பவர்களில் பெரும்பகுதி கௌரவ விரிவுரையாளர்களும் சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களும்தான். அவர்களுக்குப் பதவி உயர்வு ஏணியே இல்லை. ஆகவே 1987 விதி கொடுத்த வாதம் அவர்கள் கையில் இல்லை. மூன்று கல்வியாண்டு பாடம் நடத்திய தற்காலிக ஆசிரியர்களும் பயிற்சியில் சேரலாம் என்று ஏ.எஸ்.சி. வழிகாட்டு நெறியிலேயே இருந்தது. வகுப்பெடுக்காத நாளுக்குச் சம்பளம் உறுதியில்லாதவர் மூன்று வாரம் எப்படிப் போவார்? எஃப்.ஐ.பி.யில் பதிலிக்கு யு.ஜி.சி. சம்பளம் கொடுத்தது போல, அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளர்களைச் சம்பளத்தோடு பயிற்சிக்கு விடுவித்து, அந்த மூன்று வார வகுப்புக்குப் பதிலியையும் மாநில அரசே அமர்த்தலாம். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. உயர்கல்வித் துறையிலிருந்து ஓர் அரசாணை வந்தால் நடக்கும்.